கொப்பி தராத ஒரு வெள்ளவத்தை முன்பள்ளி: இரண்டு வருடம் மகனை அனுப்பிய அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த முன்பள்ளியின் பெயரை எழுதப்போவதில்லை. நடத்துகிற டீச்சரிடம் எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதுங்கோ, ஆனா பேரைப் போடாதேங்கோ, 24 பிள்ளைகளுக்கு மேல எடுக்க ஏலாது, வாறவைக்கு இடமில்லை எண்டு சொல்லுறது எனக்குக் கஷ்டமா இருக்கு" என்றார். சரி, இடத்தை மட்டும் சொல்கிறேன்: வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கைகளில் ஒன்று, ரயில் போகும்போது யன்னல் கண்ணாடி அதிரும் ஒரு பழைய வீடு. பெயர் இல்லாமல் எழுதி என்ன பயன் என்று கேட்பீர்கள். நான் ஒரு பிள்ளையை ஒருவிதமான நேசரிக்கும் மற்றப் பிள்ளையை அதற்கு நேரெதிரான நேசரிக்கும் அனுப்பியவள், இருவரும் பிறகு தரம் 1, தரம் 2 என்று போனபோது என்ன நடந்தது என்று பக்கத்தில் இருந்து பார்த்தவள். ஒவ்வொரு வருடக் கடைசியிலும் "எந்த நேசரி நல்லம் அக்கா?" என்று வாட்ஸ்அப்பில் கேள்வி வருகிறது. அவர்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து ஒரு இடத்தில் எழுதுகிறேன்.

மூத்தவளில் இருந்துதான் தொடங்கவேண்டும். 2017, 2018 இரண்டு வருடமும் அவள் போனது சீருடை, வான், பெரிய மண்டபத்தில் வருடாந்தக் கலைவிழா எல்லாம் உள்ள ஒரு இடம். வகுப்பில் நாற்பது பிள்ளைகள், ஒரு டீச்சர், ஒரு உதவியாளர். சேர்த்த முதல் கிழமையே நான்கு கொப்பி வாங்கச் சொன்னார்கள். அப்போது அவளுக்கு மூன்றரை வயது. ஒவ்வொரு நாளும் வீட்டில் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போகவேண்டும். முதல் எழுத்து அ. ஒரு சின்னச் சுழி, அதிலிருந்து பெரிய வளைவு, குறுக்கே ஒரு இழுப்பு, கடைசியில் நேராக ஒரு கோடு. பென்சிலை முழுக் கையாலும் பொத்திப் பிடிக்கிற வயதில் இதை ஒரு பக்கம் நிறைய எழுதவேண்டும். எழுதுவாள், சுழி கவிழ்ந்துவிடும், அழிப்பாள், திரும்ப எழுதுவாள், திரும்ப அழிப்பாள், அந்த இடத்தில் தாள் நைந்து ஓட்டை விழும், ஓட்டையைப் பார்த்து அழுவாள். பிறகு நான் பக்கத்தில் இருந்து அவளுடைய கையைப் பிடித்து எழுதி முடிப்பேன். அடுத்த நாள் சிவப்புப் பேனையால் சரி போட்டு வரும்.

இத்தனைக்கும், அந்த நேரத்தில் யாராவது கேட்டிருந்தால் அந்த இடத்தைப் புகழ்ந்துதான் சொல்லியிருப்பேன். நேசரி முடிக்கும்போது 1 முதல் 100 வரை எழுதுவாள், உயிரெழுத்து 12, மெய்யெழுத்து 18 எல்லாம் மனப்பாடம், இங்கிலிஷ் எழுத்தெல்லாம் பெரிதும் சிறிதும் தெரியும். 2019இல் தரம் 1க்குப் போனபோது வகுப்பில் வேகமாக எழுதி முடிக்கிறவள் அவள்தான். டீச்சர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். யாழ்ப்பாணத்தில் இருக்கிற அம்மம்மாவுக்கு அன்றைக்கே போன் எடுத்தேன்.

2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடினார்கள், அவள் அப்போது தரம் 2. முதல் தடவையாக நான் முழு நாளும் அவளோடு இருந்து படிப்பித்தேன், அப்போதுதான் எனக்குக் கண் திறந்தது. வாசிக்கச் சொன்னால் தடங்கல் இல்லாமல் கடகடவென்று வாசிப்பாள். பாட்டி சந்தைக்குப் போய் மரக்கறி வாங்கி, பையை மறந்துவிட்டுத் திரும்பிப் போகிற ஒரு சின்னக் கதை. "பாட்டி ஏன் திரும்பிப் போனவ?" என்று கேட்டேன். கதையில் இருக்கிற ஒரு வசனத்தை அப்படியே எடுத்து வாசித்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். சரியா பிழையா என்று முகத்தில் தேடுகிறாள். 36 பெரிதா 63 பெரிதா என்றால் அதற்கும் முகம்தான். 1 முதல் 100 வரை எழுதத் தெரிந்த பிள்ளைக்கு அந்த எண்கள் எவ்வளவு என்று தெரியவில்லை. தெரியாத கேள்வி வந்தால் முயற்சி செய்துகூடப் பார்க்கமாட்டாள், பென்சிலை வைத்துவிடுவாள். பிழை விடப் பயம். அந்தப் பயம் இன்றைக்கும் முழுதாகப் போகவில்லை, அதை எழுதும்போதே எனக்கு நெஞ்சு கனக்கிறது.

எல்லாம் அந்த நேசரியால்தான் என்று சொல்வது நியாயம் இல்லை. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புக்குப் பிறகு பிள்ளைகள் கிழமைக்கணக்கில் வீட்டில் இருந்தார்கள், போனபிறகும் வாசலில் பை சோதனை. அடுத்த வருடம் கொரோனா. வீட்டிலும் நான் அவளோடு கதைத்ததைவிட எழுதவைத்ததுதான் கூட. ஆனாலும் நேசரியில் கிடைத்த அந்த முன்னுக்கு ஓட்டம் இரண்டு வருடத்திலேயே தீர்ந்துபோனது ஏன் என்ற கேள்வி எனக்குள் இருந்துகொண்டே இருந்தது.

அந்த நாட்களில் இரவில் நிறையத் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் டெனசி மாநிலத்து அரசாங்க முன்பள்ளித் திட்டத்தைப் பற்றிய ஆய்வுதான் என்னை உலுக்கியது. இடத்தைவிட விண்ணப்பங்கள் கூட வந்ததால் குலுக்கல் முறையில் பிள்ளைகளை எடுத்திருக்கிறார்கள், அதனால் இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் நேர்மையாக ஒப்பிட முடிந்திருக்கிறது. எல்லோரும் வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகள், ஏறத்தாழ 3,000 பேர். முன்பள்ளி முடிந்த கையோடு சோதித்தால் போன பிள்ளைகள்தான் முன்னுக்கு நிற்கிறார்கள். தரம் 3 வரும்போது நிலைமை புரண்டுவிட்டது, போகாத பிள்ளைகள் கொஞ்சம் மேலே. 2022இல் தரம் 6 முடிவு வெளிவந்தது, இடைவெளி இன்னும் கூடியிருந்தது, ஒழுக்கப் பிரச்சினைகளும் போன பிள்ளைகளிடமே அதிகம். ஆய்வை நடத்தியவர்களில் ஒருவரான டேல் ஃபாரன், எழுத்து, எண் போன்ற சோதிக்கச் சுலபமான சின்னத் திறன்களையே திரும்பத் திரும்பப் புகட்டுகிற வகுப்புகளைக் குறை சொல்கிறார். நாற்பது பிள்ளைகள், நான்கு கொப்பி, சிவப்புப் பேனை எல்லாம் என் கண்முன்னே வந்தது.

அப்படியென்றால் நேசரியே வேண்டாமா? அதற்கு மறுபக்கமும் இருக்கிறது. 1962இல் மிச்சிகன் மாநிலத்தில் இப்சிலான்டி என்ற ஊரில் தொடங்கிய பெரி முன்பள்ளி ஆய்வு. ஏழைக் கறுப்பினக் குடும்பங்களின் 123 பிள்ளைகள், அதில் 58 பேர் முன்பள்ளிக்குப் போனார்கள், மற்றவர்கள் போகவில்லை. அங்கேயும் புத்திக்கூர்மைப் புள்ளியில் வந்த முன்னேற்றம் ஆரம்பப் பாடசாலைக்குள்ளேயே கரைந்துவிட்டது. ஆனால் அதே பிள்ளைகள் 14 வயதில் பாடங்களில் முன்னுக்கு நின்றார்கள், பாடசாலையை முடித்தவர்கள் அதிகம், 40 வயதில் வருமானமும் அதிகம், பொலிஸ் கைதுகள் குறைவு. பொருளாதாரத்துக்கு நோபல் பரிசு வாங்கிய ஜேம்ஸ் ஹெக்மன் இதைத் திரும்ப ஆராய்ந்து, அந்தப் பணம் வருடத்துக்கு நூற்றுக்கு 7 முதல் 10 வரை திருப்பித் தந்த முதலீடு என்று கணக்குப் போட்டார். டெனசியும் முன்பள்ளி, பெரியும் முன்பள்ளி. பலகையில் முன்பள்ளி என்று எழுதியிருப்பதால் ஒன்றும் ஆகாது, உள்ளே என்ன நடக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்று எனக்குப் பிடிபட்டது.

மகனுக்கு 2022 கடைசியில் தேடத் தொடங்கினேன். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளை என்று ஐந்து இடம் பார்த்தேன். நான்கு இடத்தில் அலுவலக அறையில் இருத்திக் கட்டண விபரத்தாள் தந்தார்கள், ஒரு இடத்தில் கெமரா வழியாக வகுப்பைக் காட்டினார்கள். இங்கே மட்டும் டீச்சர், "ஒரு காலமை வந்து மூலையில இருந்து பாருங்கோ, பிறகு கதைப்பம்" என்றார்.

போய் இருந்தேன். பாயில் நான்கு பிள்ளைகள், நடுவில் ஒரு பெரிய தட்டில் புளியங்கொட்டை, மஞ்சாடி, கௌபி மூன்றும் கலந்து கிடக்கிறது, சுற்றிவரச் சிரட்டைகள். பிரித்துப் போடவேண்டும். ஒரு பெண் பிள்ளை மஞ்சாடியையும் கௌபியையும் ஒரே சிரட்டைக்குள் போட்டாள். பக்கத்துப் பையன், "பிழை, பிழை, அது சிவப்பு" என்று கத்தினான். டீச்சர் குனிந்து, "ஏன் ரெண்டையும் ஒண்டாப் போட்டனீங்கள்?" என்று கேட்டார். பிள்ளை பேசவில்லை. டீச்சரும் பேசவில்லை. கல்கிசைப் பக்கம் ஒரு ரயில் போனது, யன்னல் அதிர்ந்து ஓய்ந்தது, டீச்சர் இன்னும் அப்படியே பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். கடைசியில் பிள்ளை, "இது ரெண்டும் குட்டி, அது பெரிசு" என்றது. "ஓ, நீங்கள் அளவைப் பார்த்துப் பிரிச்சிருக்கிறீங்கள், அவர் நிறத்தைப் பார்த்துப் பிரிச்சிருக்கிறார்" என்று சொல்லிவிட்டு, பையனிடம் திரும்பி, "அப்ப எந்தச் சிரட்டையில கூட இருக்குது, எண்ணாமல் சொல்ல ஏலுமா?" என்று கேட்டார். இரண்டு பேரும் சிரட்டைகளுக்குள் தலையை விட்டுவிட்டார்கள். நான் அங்கே இருந்த ஒன்றரை மணித்தியாலத்தில் எந்தப் பெரியவர் வாயிலும் பிழை என்ற சொல் வரவில்லை. அன்றைக்கே பதிந்துவிட்டேன்.

கொட்டை பிரிப்பதில் என்ன படிப்பு என்று என் மாமி கேட்டார், நியாயமான கேள்விதான். எது ஒரு கூட்டம், எது கூட, எது குறைய, ஏன் என்று வாயால் சொல்வது, இதுதான் கணக்கின் அடி. 2007இல் கிரெக் டங்கனும் வேறு பலரும் சேர்ந்து அமெரிக்கா, கனடா, பிரிட்டன் நாடுகளின் 6 நீண்டகால ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். பாடசாலைக்குள் நுழையும்போது ஒரு பிள்ளைக்கு இருக்கிற எண்ணறிவுதான் பின்னால் வருகிற படிப்பை அதிகம் முன்கூட்டிச் சொன்னது, வாசிப்பைக்கூட. அடுத்தது எழுத்தறிவு, அதற்கடுத்தது கவனம் செலுத்தும் ஆற்றல். இதை 100 வரை பாடம் சொல்வதோடு குழப்பிக்கொள்ளக்கூடாது. என் மகள் பாடம் சொன்னாள், அவளுக்குத் தேவைப்பட்டது அந்தச் சிரட்டை.

இங்கே நாள் எப்படிப் போகும் என்றால், எட்டரைக்கு வந்தவுடன் பிள்ளை தன் பெயர் அட்டையைத் தானே தேடி எடுத்துச் சுவரில் கொழுவவேண்டும். முதல் இரண்டு மாதம் அட்டையில் பெயரோடு ஒரு படமும் இருக்கும், மகனுக்கு ஆமை. பிறகு படத்தை எடுத்துவிடுவார்கள், அதற்குள் பிள்ளைக்குத் தன் பெயர் தெரிந்துவிடும். பிறகு வட்டமாக இருந்து, இன்றைக்கு யார் என்ன செய்யப்போகிறார்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்லவேண்டும். ஒருவன் கட்டைகளால் கோபுரம், ஒருத்தி கடை, ஒருவன் களிமண். சொன்னதைச் செய்து, முடிந்தபிறகு திரும்ப வட்டத்துக்கு வந்து என்ன செய்தேன், எது விழுந்தது, ஏன் விழுந்தது என்று சொல்லவேண்டும். பெரி முன்பள்ளியில் இருந்து வளர்ந்த ஹைஸ்கோப் முறையின் நடுநாடி இதுதான், திட்டமிடு, செய், திரும்பிப் பார். டீச்சர் அதைப் பயிற்சியில் படித்தாராம், மற்றபடி பெரிய பெயர் எதையும் வாசலில் எழுதிவைக்கவில்லை.

வாசல் பலகை என்றதும் இன்னொன்றும் சொல்லவேண்டும். கொழும்பில் எந்த நேசரியையும் மொண்டிசோரி என்றே சொல்லிப் பழகிவிட்டோம். மரியா மொண்டிசோரி 1907இல் ரோம் நகரத்தின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் தொடங்கிய வேலை அது, 1944இல் இலங்கைக்கும் வந்து போயிருக்கிறார். பிள்ளை தன் கையால் பொருளைத் தொட்டு, தானே தெரிவு செய்து, தன் வேகத்தில் வேலை செய்வது அவருடைய முறையின் உயிர். நாற்பது பிள்ளைகள் வரிசையாக இருந்து ஒரே எழுத்தை எழுதுகிற வகுப்புக்கு அந்தப் பெயரை வைத்திருந்தால் பெயரை நம்பாதீர்கள், பிள்ளைகளின் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

சரி, மகன் தரம் 1க்குப் போனபிறகு என்ன நடந்தது? 2025 தொடக்கத்தில் சேர்ந்தான். முதல் தவணை எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, மறைக்கமாட்டேன். வகுப்பில் பாதிப் பிள்ளைகள் எழுத்தெல்லாம் எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள், இவனுக்குத் தன் பெயரும் சில எழுத்துகளும் ஒன்றிரண்டு சொற்களும்தான். மற்றப் பிள்ளைகள் கொப்பியை மூடும்போது இவன் இரண்டாவது வரியில் நிற்பான். வான் வாசலில் மற்ற அம்மாக்கள், "நேசரியில எழுத்துப் படிப்பிக்கேல்லையோ?" என்று கேட்டார்கள். இரண்டு கிழமை நித்திரை வரவில்லை. டியூஷனுக்கு விடுவோமா என்று இவரிடம்கூடக் கேட்டேன். தவணை முடிவில் வகுப்பு டீச்சரைப் பார்க்கப் போனேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எழுத்து வரும், அதுக்குத்தானே நான் இருக்கிறன். உங்கட மகன் கையை உயர்த்தி, டீச்சர் எனக்கு விளங்கேல்லை, இன்னொருக்காச் சொல்லுங்கோ எண்டு கேக்கிறார். நாப்பது பேரில அப்பிடிக் கேக்கிற பிள்ளை ரெண்டோ மூண்டோதான்."

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் எனக்கு மகளின் முகம்தான். விளங்கவில்லை என்று சொல்ல அவளுக்கு யாரும் இடம் கொடுக்கவில்லை.

இரண்டாம் தவணை நடுப்பகுதியில் எழுத்து வந்துவிட்டது. களிமண் உருட்டி, மணி கோர்த்து, கத்தரிக்கோலால் வெட்டிப் பழகிய விரல் என்பதால் பென்சில் பிடி உறுதியாக இருந்தது, பக்கம் ஓட்டையாகவில்லை. இப்போது தரம் 2. போன கிழமை கடையில் 100 ரூபாய் கொடுத்து 65 ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் மிச்சம் எவ்வளவு என்று ஒரு கணக்கு. அவன் 65இல் இருந்து 70க்கு 5, 70இல் இருந்து 100க்கு 30, அப்போ 35 என்று சொல்லிவிட்டு, "கடைக்கார அங்கிளும் இப்பிடித்தான் எண்ணித் தாறவர்" என்றான். யாரும் அந்த வழியைச் சொல்லிக்கொடுக்கவில்லை. மூத்தவள் பக்கத்தில் இருந்து கேட்டுவிட்டு, "இப்பிடியும் செய்யலாமோ?" என்றாள். இரண்டு பேரும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள், ஒரே வீடு. இரண்டு பிள்ளையை வைத்து உலகத்துக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது என்று எனக்குத் தெரியும், ஆனால் நான் பார்த்தது இது.

பெற்றோர் ஏன் எழுத்துக்கு அவசரப்படுகிறோம் என்றால் தரம் 1 அனுமதிக்குப் பயந்து, அதற்கடுத்துத் தரம் 5 புலமைப்பரிசிலுக்குப் பயந்து. அரசாங்கப் பாடசாலைத் தரம் 1 அனுமதிக்குப் பிள்ளைக்குப் பரீட்சை கிடையாது. வீட்டுத் தூரம், பழைய மாணவர், அண்ணன் அக்கா அங்கே படிப்பது, இப்படித்தான் புள்ளி. சில தனியார் பாடசாலைகளில் நேர்முகம் இருக்கும், அது வேறு. உள்ளே போனபிறகும் பாடத்திட்டம் எழுத்தைத் தெரிந்துகொண்டு வா என்று கேட்கவில்லை. 1999இல் நாடு முழுக்க வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தத்தில் இருந்தே வழிகாட்டப்பட்ட விளையாட்டு, செயற்பாடு, மேசை வேலை என்று மூன்று வகையாகப் பிரித்து, தரம் 1, 2இல் முதல் இரண்டுக்கும்தான் கூட இடம் கொடுத்திருக்கிறார்கள். புதிதாக வருகிற பிள்ளைகளை விளையாட்டு வழியாக இனங்காண்பதற்கென்றே தொடக்கத்தில் சில கிழமை ஒதுக்குகிறார்கள். ஆக மூன்றரை வயதில் நாங்கள் அழவைத்து எழுதவைப்பது தரம் 1 கேட்காத ஒன்று. நியூசிலாந்தில் செபாஸ்டியன் சகேட் என்ற ஆய்வாளர் 5 வயதில் வாசிப்புத் தொடங்கிய பிள்ளைகளையும் 7 வயதில் தொடங்கியவர்களையும் ஒப்பிட்டார். 11 வயது வரும்போது வாசிப்பில் வித்தியாசம் இல்லை.

மொழியைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். இங்கே முழுக்கத் தமிழ், நாளுக்கு ஒரு இருபது நிமிடம் இங்கிலிஷ் பாட்டும் கதையும். சிங்களம் ஒழுங்கையில் இருந்தே வருகிறது, மரக்கறி வண்டி வந்தால் பிள்ளைகளைக் கூட்டிப்போய் அவர்களையே கேட்டு வாங்கவைப்பார்கள். வீட்டில் தமிழ் கதைக்கிற மூன்று வயதுப் பிள்ளையை முழு இங்கிலிஷ் நேசரியில் விட்டால் பிள்ளை கொஞ்ச நாளில் சொல்கிறபடி செய்யும், ஆனால் ஏன் என்று கேட்க, எனக்கு இப்படித் தோன்றுகிறது என்று சொல்ல அதற்கு மொழி போதாது. யோசிப்பதற்கு இருக்கிற மொழியையே வாயில் இருந்து எடுத்துவிட்டு யோசி என்று சொல்வது சரியில்லை. தாய்மொழியில் தொடங்குங்கள் என்று யுனெஸ்கோ 1953இலேயே சொல்லிவிட்டது. இங்கிலிஷ் மகனுக்கு இப்போது பாடசாலையில் ஒழுங்காகவே வருகிறது, ஆனால் இங்கிலிஷ் நேசரிப் பிள்ளைகள் அளவுக்குப் பேச்சு ஓடாது. உங்களுக்கு அதுதான் முக்கியம் என்றால் இந்த இடம் பொருந்தாது.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை பெற்றோரைக் கூப்பிடுவார்கள். கலைவிழாவுக்குக் காசு சேர்க்க இல்லை. ஒரு கதைப் புத்தகத்தைப் பிள்ளையோடு எப்படி வாசிப்பது, சமைக்கும்போது என்ன கதைப்பது என்று செய்து காட்டுவார்கள். இங்கிலாந்தில் 1997இல் இருந்து ஏறத்தாழ 3,000 பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று இருக்கிறது. நல்ல முன்பள்ளியின் பயன் 11 வயது வரை தெரிந்தது, தரம் குறைந்த முன்பள்ளிக்குப் போனவர்களுக்குப் போகாதவர்களைவிடப் பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை. தாய் தகப்பன் என்ன உத்தியோகம், எவ்வளவு படிப்பு என்பதைவிட வீட்டில் பிள்ளையோடு என்ன செய்கிறார்கள் என்பது பெரிது என்றும் அதில் வந்தது. பெரி முன்பள்ளி டீச்சர்களும் கிழமைக்கு ஒருதடவை வீடு வீடாகப் போனவர்கள். எனக்கு அந்தச் சனிக்கிழமைகள்தான் முழுக் கட்டணத்துக்கும் பெறுமதி. இடியப்பம் பிழியும்போது தட்டு எத்தனை, இன்னும் எத்தனை வேண்டும் என்று கேட்கத் தொடங்கினேன். மகளிடமும் கேட்டேன், பிந்தித்தான்.

குறைகள் இருக்கின்றன. வீடு பழையது, மேல்மாடிக்குப் போகிற படி ஒடுக்கம், ஏசி கிடையாது, மார்ச் ஏப்ரலில் பிள்ளைகள் வியர்த்து ஒழுகுவார்கள், இரண்டு மின்விசிறி போதாது. மழைக்கு ஒழுங்கையில் தண்ணீர் நிற்கும், சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டுதான் போகவேண்டும். முற்றம் சின்னது, ஓடி விளையாட இடம் போதாமல் வெள்ளிக்கிழமைகளில் கடற்கரைக்குக் கூட்டிப்போவார்கள், அதற்கு இரண்டு பெற்றோர் முறை வைத்துக் கூடப் போகவேண்டும். வான் இல்லை. பதினொன்றரைக்கு விட்டுவிடுவார்கள், வேலைக்குப் போகிற அம்மாவுக்கு இது பெரிய சிக்கல், எனக்கு என் தங்கச்சி பக்கத்தில் இருந்ததால் சமாளித்தேன். டீச்சருக்கு அழைப்பு எடுத்தால் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகுதான் பதில். பிள்ளை எப்படிப் படிக்கிறது என்று எழுத்தில் ஒன்றும் தரமாட்டார்கள், நேரில் போய்க் கேட்கவேண்டும். கேட்டால் அரை மணித்தியாலம் பிள்ளையைப் பற்றி நுணுக்கமாகச் சொல்வார், ஆனால் வரமுடியாத தகப்பன்மாருக்கு ஒரு தாளில் எழுதிக்கொடுத்தால் என்ன என்று நான் இரண்டு தடவை கேட்டும் நடக்கவில்லை. அது எனக்கு இன்னும் மனத்தாங்கல்தான். மற்றது, எழுதத் தொடங்குவதைக் கடைசித் தவணையில் இன்னும் கொஞ்சம் கூட்டலாம் என்று நினைக்கிறேன். தரம் 1இல் முதல் தவணை மகன் பட்ட பாட்டைக் கொஞ்சம் குறைத்திருக்கலாம்.

கட்டணம் நான் கடைசியாகக் கட்டியபோது தவணைக்கு 36,000 ரூபாய், சேரும்போது ஒருதடவை 15,000. சீருடை இல்லை, கொப்பிக் காசு இல்லை, கலைவிழாவுக்கு உடுப்பு வாடகை இல்லை. மகளுக்குக் கட்டியதோடு பார்த்தால் இதெல்லாம் கழித்துக் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் வந்தது. சாப்பாடு வீட்டில் இருந்து, கடலையோ பயறோ பழமோ, பக்கற்றில் வருகிறது ஒன்றும் வேண்டாம் என்பார்கள்.

இந்த இடம் கிடைக்காவிட்டால் வேறு இடம் பார்க்கப் போகிறவர்களுக்கு: முன்பள்ளிகள் மாகாண சபைக்குக் கீழே வருகிறவை, பதிவு இருக்கிறதா, டீச்சர் என்ன பயிற்சி எடுத்தவர் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். சட்டப்படி கட்டாயக் கல்வி 5 வயதில்தான் தொடங்குகிறது, ஆக ஒரு மோசமான இடத்தில் விடவேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. பிறகு ஒரு காலை உள்ளே இருந்து பார்க்க விடுவீர்களா என்று கேளுங்கள். விட்டால், டீச்சர் ஒரு கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று மட்டும் கவனியுங்கள். பிள்ளை வாய் திறக்கும் முன்னமே பதிலை அவரே சொல்லிவிடுகிறாரா, அல்லது அந்த ரயில் போய் முடியும்வரை இருக்கிறாரா. சுவரில் ஒட்டியிருக்கிற படங்களைப் பாருங்கள், நாற்பது மீனும் ஒரே மாதிரி இருந்தால் அதைக் கீறியது பிள்ளைகள் இல்லை.

தங்கச்சியின் மகளை வருகிற ஜனவரிக்குப் பதிந்திருக்கிறோம். போன ஞாயிறு மகன் அவளைப் பாயில் இருத்தி, எங்கள் வீட்டுப் பயற்றுப் போத்தலையும் கௌபிப் போத்தலையும் ஒரே தட்டில் கொட்டிவிட்டான். அவள் பிரித்துக்கொண்டு இருக்கும்போது மகள் வந்து பக்கத்தில் குந்தி, "ஏன் இதை இங்க போட்டனீங்கள்?" என்று கேட்டுவிட்டு, பேசாமல் அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.